ஒப்பனைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த நாள்கள் நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் நடக்கும் ஒரு பேச்சைப் பற்றி எழுத விரும்புகிறேன். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்ய யாரை அமர்த்துவது என்ற பேச்சு அது. மண்டபம், சாப்பாடு, மேளம், புகைப்படம் எல்லாம் முடிவான பிறகு உறவினர் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டுகிறார். அதில் வரிசையாக மணப்பெண்களின் படங்கள். "நன்றாகத்தான் செய்கிறார், எவ்வளவு கேட்கிறார்?" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பெண்ணின் முகத்தில் என்ன பூசப்போகிறார்கள், அந்தத் தூரிகை அதற்கு முன் யார் கண்ணில் பட்டது, பெண்ணின் தோலுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று ஒருவரும் கேட்பதில்லை. படத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பே இவற்றைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

நான் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். திருமணம் முடிந்த கையோடு கண் இமை வீங்கி, கன்னமெல்லாம் பொரிப்பொரியாக வந்து நின்ற இளம்பெண்களை அங்கே பார்த்திருக்கிறேன். கையில் மருதாணிச் சிவப்பு கலைந்திருக்காது. "கல்யாண அலைச்சல், சரியான தூக்கம் இல்லை" என்று உடன் வந்த அம்மா சொல்வார். முகத்தில் என்னென்ன பூசினீர்கள் என்று மருத்துவர் கேட்டால் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். காதில் போட்ட தோட்டின் எடையைக் கிராம் கணக்கில் சொல்லத் தெரிந்த வீட்டில், முகத்தில் போட்ட பொருளின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

என் தங்கை மகளுக்கு இது திருமணத்துக்கு முன்பே நேர்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஓர் ஒப்பனையாளரை அமர்த்தியிருந்தார்கள். படங்கள் அருமையாக இருந்தன, தெரிந்தவர்கள் பரிந்துரைத்தவர். நான் போய்ச் சேர்ந்தபோது ஒப்பனை முடிந்திருந்தது. உள்ளே நடந்ததைப் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். வந்தவர் கை கழுவவில்லை. உதட்டுச் சாயத்தைக் குழலோடு எடுத்துப் பெண்ணுக்குத் தீட்டினார், அதே குழலால் அவள் தங்கைக்கும் தீட்டினார், பிறகு அவர்களுடைய அம்மாவுக்கும். இமை மைக் குச்சியும் அப்படியே மூன்று பேரைச் சுற்றி வந்தது. செயற்கை இமை முடியை ஒட்டும் பசையை எடுத்தபோது, "உனக்கு எதற்காவது ஒவ்வாமை உண்டா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே எக்ஸிமா என்ற தோல் அழற்சி உண்டு. ரப்பர் கையுறை மாட்டினால் விரல் தடித்துவிடும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மறுநாள் இமையோரம் அரித்தது. அதற்கும் அடுத்த நாள் கண் பாதிதான் திறந்தது. இமைப் பசையால் வந்த ஒவ்வாமையாக இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அந்தப் பசைகள் பலவற்றில் ரப்பர் பால் கலந்திருக்கும். திருமணத்துக்கும் அதே ஒப்பனையாளருக்குத்தான் பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்திருந்தார்கள். வேறொருவரை ஏற்பாடு செய்துகொள்கிறோம், பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தாருங்கள் என்று தங்கை கேட்டாள். "என்னிடம் வந்த வேறு யாருக்கும் இப்படி ஆனதில்லை" என்று பதில் வந்தது. முன்பணம் வரவில்லை.

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஒவ்வாமையின் இயல்பு அதுதான். நூறு பேருக்கு ஒன்றும் செய்யாத பசை நூற்றோராவது பெண்ணின் கண்ணை மூடிவிடும். பெரும்பாலும் பூசிய உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். ஆகவேதான் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே, பூசப்போகும் பொருள்களில் சிறிதளவு காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ தடவிவிட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வதும் அதனால்தான். செலவில்லாத சோதனை. நம்மில் எத்தனை குடும்பங்கள் செய்கிறோம்?

தொற்று வேறு கதை. அது ஒருவரின் தோலைப் பொறுத்தது இல்லை, யாருக்கும் வரலாம். கண் சிவந்து பீளை கட்டும் கண்ணழற்சி ஒரே மைக் குச்சியின் வழியாகப் பரவும். உதட்டில் கொப்புளம் போடும் அக்கி ஒரே சாயக் குழலின் வழியாகப் பரவும். தாய்க்கும் மகளுக்கும் பகிர்ந்தால் என்ன என்று நினைக்கலாம். அந்தக் குழல் முந்தின சனிக்கிழமை எந்த மண்டபத்தில், யார் உதட்டில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். மருந்தகத்தில் ஒரு நோயாளிக்கு வைத்த பஞ்சை அடுத்தவருக்கு வைத்தால் வேலை போய்விடும். மணப்பெண் அறையிலும் ஏறக்குறைய அதே ஒழுங்கு வேண்டும் என்கிறேன்.

அந்த ஒழுங்கோடு வேலை செய்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். குறை சொல்வதற்கு மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை; எங்களுக்கு அடுத்துக் கிடைத்த பெண்ணைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸில் தம்முடைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் அவர். அழகுச் சேவை போன்ற சிறு தொழில்களை விதிகளுக்கு உட்பட்டு வீட்டிலிருந்தே செய்ய வீவக அனுமதிக்கிறது. கடை வைத்திருந்தால்தான் தொழில்முறைக் கலைஞர் என்று எண்ண வேண்டியதில்லை. முன்னோட்ட ஒப்பனைக்கு வரச் சொன்னார், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். தங்கைக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே ஒரு முன்பணம் போயிருந்ததே! நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

உட்கார வைத்ததும் அவர் பெட்டியைத் திறக்கவில்லை, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தோல் நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, கண்ணுக்குள் வில்லை அணிகிறாயா, முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா, முன்பு எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். புதிய நோயாளிக்கு நாங்கள் எடுக்கும் குறிப்பைப் போலவே இருந்தது. பிறகு எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தூரிகைகள் நீளம் பார்த்து ஒரு துணிச் சுருளில் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் மயிரும் கூராக, பழைய சாயத்தின் தடம் இல்லாமல் இருந்தது. உதட்டுச் சாயத்தைக் குழலோடு தொடவே இல்லை. சிறு எஃகுக் கரண்டியால் ஓரத்தில் கொஞ்சம் வழித்து, உள்ளங்கையளவு உலோகத் தட்டில் வைத்து, அங்கிருந்து தூரிகையால் எடுத்துத் தீட்டினார். இமை மைக்குத் தாள் உறையில் ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் குச்சிகள் வைத்திருந்தார். ஒரு முறை மைக்குள் நுழைத்த குச்சியை மறுபடி அதற்குள் விடாமல், அடுத்த கண்ணுக்குப் புதிய குச்சி எடுத்தார். ஒட்டும் பசைப் புட்டியைப் பெண்ணின் கையில் கொடுத்து, "இதில் ரப்பர் பால் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்க் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல், தங்கச்சி" என்றார். நான் தாதியாக இருந்தவள் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகுதான் நிறத்துக்கு வந்தார். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

எங்கள் பெண் நல்ல கறுப்பு. என் அம்மாவின் நிறம். நிச்சயதார்த்தப் படங்களில் அவள் முகம் சாம்பல் பூத்தாற்போல இருந்தது; கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் வேறொரு நிறம். காரணத்தை இந்த ஒப்பனையாளர் விளக்கினார். நம் தோலுக்கு அடியில் மஞ்சளோ சிவப்போ கலந்த ஒரு சாயல் ஓடுகிறது. அதைப் பார்க்காமல், இரண்டு படி வெளுப்பான, ரோஜா நிறம் கலந்த அடிப்பூச்சை மேலே போட்டால் இரண்டும் கலந்து சாம்பலாகத்தான் தெரியும். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் வெளிறிய பூச்சால் மூடினால் நீலம் பாரித்துவிடும். நம் நிறத்துக்கு முதலில் ஆரஞ்சுச் சாயலில் ஒரு திருத்தப் பூச்சு போட்டு அந்த நீலத்தைக் கொன்றுவிட்டு, அதன் மேல்தான் தோல் நிறத்தைப் போட வேண்டும்.

அவர் மூன்று நிறங்களைத் தாடையோரத்தில் கோடுகளாக இழுத்து, பெண்ணைச் சன்னலருகே நிறுத்தினார். உடனே முடிவு செய்யவில்லை. சில பூச்சுகள் காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் கறுக்கும் என்று சொல்லித் தேநீர் குடிக்கும் நேரம் காத்திருந்தார். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கரைந்துபோயிற்றோ அதையே எடுத்தார். முழு ஒப்பனையும் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கைத்தொலைபேசியின் பளிச்சொளியில் ஒரு படம் எடுத்தார். வெயில் காப்புக் களிம்புகளில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடும், முகத்தில் கடைசியாகத் தட்டும் சில வெண்ணிற மாவுகளில் இருக்கும் சிலிக்காவும் நேரில் தெரியாமல் இருந்து, பளிச்சொளி பட்டதும் மூக்கையும் கன்னத்தையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் காட்டிவிடுமாம். புகைப்படக்காரரைத் திட்டும் பல குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடன் வந்திருந்த பெண்ணின் அத்தை பொறுக்கவில்லை. "கல்யாணத்தன்றைக்காவது கொஞ்சம் வெளுப்பாகத் தெரியட்டுமே" என்றார். ஒப்பனையாளர் கோபப்படவில்லை. "அத்தை, தாலி ஏறப்போவது கழுத்தில். அந்தப் படத்தில் முகமும் கழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நீங்கள் கேட்கிறபடி செய்தால் உங்கள் பெண்ணின் தலையை வேறொருத்தி உடம்பில் வைத்ததுபோல் இருக்கும். அவளுடைய நிறத்திலேயே அவளை மினுங்க வைக்கிறேன், பாருங்கள்" என்றார். வைத்தும் காட்டினார். கன்ன எலும்பின் மேல் பொன் சாயலும் உதட்டில் அரக்குச் சிவப்பும் போட்டதும், கண்ணாடியில் தெரிந்தவள் எங்கள் பெண்தான். என் அம்மா அங்கே அமர்ந்திருந்தாற்போல எனக்கு இருந்தது.

நம் பெண்களை வெளுப்பாக்கித் தரும்படி கேட்பவர்கள் பெரும்பாலும் நாம்தான், ஒப்பனையாளர்கள் இல்லை. தாய்மார்களே, அத்தைமார்களே, தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தன் வாழ்க்கையின் பெரிய நாளன்று, தன் நிறம் போதவில்லை என்று ஒரு பெண் நம் வாயால் கேட்க வேண்டுமா? அவளைப் பெண் பார்த்து, பேசி, பிடித்துத்தானே அந்த மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருக்கிறான்?

இதோடு சேர்ந்த இன்னோர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். திருமணத் தேதி குறித்ததும் சில பெண்கள் இணையத்தில் வெண்மைக் களிம்பு வாங்கிப் பூசத் தொடங்குகிறார்கள். இப்படி விற்கப்பட்ட சில களிம்புகளில் பாதரசமும் வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். அந்தத் தோலின் மேல் எவ்வளவு கைதேர்ந்தவர் ஒப்பனை செய்தாலும் நிற்காது. மருதாணியிலும் அப்படித்தான். அசல் மருதாணி முதலில் ஆரஞ்சாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில் அரக்குச் சிவப்பாகும். வைத்த சற்று நேரத்திலேயே கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பிபிடி என்ற தலைச்சாய இரசாயனம் இருக்க வாய்ப்புண்டு. அதைத் தோலில் பூசவே கூடாது. கை கொப்புளித்துத் தழும்பாவதோடு, வாழ்நாள் முழுவதும் தலைச்சாயமே ஆகாது என்ற நிலையும் வரலாம். நலங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது புதிதாக முகப்பூச்சு, முகச் சிகிச்சை எதையும் தொடங்காதீர்கள். இதுவரை ஒத்துக்கொண்டதையே பூசுங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பனையாளர் சொல்லும் தொகையைக் கேட்டதும் பாதியாகக் குறைக்கப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு முகூர்த்தம் என்றால் மணப்பெண் மூன்று மணிக்கே நாற்காலியில் உட்கார வேண்டும். எம்ஆர்டி ரயில் ஓடாத நேரம். நள்ளிரவு முதல் ஆறு மணி வரை டாக்சி மீட்டருக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல். பெட்டியையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு அந்த நேரத்தில் வந்து, முகத்தோடு வேலை முடியாமல், தலையையும் புடவையையும் அவர்தான் பார்க்கிறார். சவுரி வைத்து இறுக்கமாகப் பின்னி, ராக்கொடி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, நெற்றிச்சுட்டி, சடைநாகம் எல்லாம் அதனதன் இடத்தில் நின்று, நுனியில் குஞ்சலம் தொங்க, மேலே மல்லிகைச் சரத்தைச் சுற்றித் தைப்பது எளிய வேலையா? பெண் தலை குனியும்போதெல்லாம் சுட்டி நழுவக் கூடாது. ஊசி தலையில் குத்தி மயக்கமும் வரக் கூடாது.

மணமேடையில் அவருக்கு இன்னும் கடினமான வேலை இருக்கிறது. ஓமப் புகை நேராகப் பெண்ணின் கண்ணுக்குத்தான் போகும். நெய் விட விட வெக்கை ஏறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டுப்புடவையும் மாலையும் வேறு. நீரில் கரையாத மையும், மெல்லிய அடுக்குகளாகப் போட்டு அழுத்திய பூச்சும் இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் கன்னத்தில் கறுப்புக் கோடு இறங்கிவிடும். எங்கள் பெண் கூறைப்புடவை மாற்றிக்கொள்ள உள்ளே போனபோது, அந்தச் சில நிமிடங்களில் அந்த ஒப்பனையாளர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவர் கொசுவத்தைப் பிடிக்க, அவர் மெல்லிய தாளை முகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. உறிஞ்சுகுழலால் தண்ணீர் குடிக்க வைத்தார். "சாப்பிட்டாயா?" என்று கேட்டு, வாழைப்பழத்தைத் துண்டு துண்டாக வாயில் வைத்தார். வெளியே நாதஸ்வரம் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கையில் பதற்றம் இல்லை. இந்த உழைப்புக்குப் பேரம் பேச எனக்கு மனம் வராது. வசதிக்கு மீறினால் உடன்பிறந்தவர்களுக்கும் அம்மாவுக்கும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்பவருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

கொடுப்பதை எழுத்தில் போட்டுக் கொடுங்கள். என் தங்கையிடம் இருந்தது நாலு வரி வாட்ஸ்அப் செய்தி. தேதியும் தொகையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. நேரில் வருவது இவரா, இவருடைய உதவியாளரா? புடவை கட்டுவதும் பூவும் இமை முடியும் கட்டணத்தில் சேர்ந்தவையா? தாலி கட்டியதும் கிளம்பிவிடுவாரா, மாலை வரவேற்பு வரை இருப்பாரா? ஒவ்வாமை வந்தாலோ திருமணம் தள்ளிப்போனாலோ முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? இவை எழுத்தில் இருந்தால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. மணப்பெண்ணின் உடல்நிலையைப் பற்றி நாம் மறைத்தால் ஒப்பனையாளரைக் குறை சொல்லவும் முடியாது. அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம். படம் கேட்கும்போது உங்கள் பெண்ணின் நிறத்தில் உள்ள ஒருத்தியின் படத்தை, மெருகேற்றாமல், பகல் வெளிச்சத்தில் எடுத்ததாகக் கேளுங்கள். சடங்கெல்லாம் முடிந்த பிறகு எடுத்த காணொளி இருந்தால் இன்னும் நல்லது.

பிரச்சினை வந்துவிட்டால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் வைக்க அங்கே அனுமதியே இல்லை, ஆகவே அந்தச் செலவும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். தங்கை போகவில்லை. "கல்யாண வீட்டில் வழக்கு என்ன வழக்கு" என்று விட்டுவிட்டாள். அவள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லாரும் அப்படியே விட்டுவிட்டால் கை கழுவாதவர் கை கழுவாமலேயே அடுத்த வீட்டுக்குப் போகிறார். சுற்றுலா வருகையில் இங்கே வந்து, வேலை அனுமதி இல்லாமல் மலிவாக ஒப்பனை செய்து தருகிறோம் என்பவர்களை அமர்த்தவே வேண்டாம். அது சட்டப்படி குற்றம். ஏதாவது ஆனால் அவரைத் தேடி எங்கே போவீர்கள்?

கடைசியாக, திருமணங்கள் நடக்கும் கோயில்களின் நிர்வாகத்தினருக்கும் சமூக மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊரில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. அதிகாலை முகூர்த்தத்துக்கு ஒப்பனை முழுவதும் இருட்டில்தான் நடக்கிறது. பல மண்டபங்களில் மணப்பெண் அறை என்று கொடுப்பது நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறையாக இருக்கிறது. தலைக்கு மேல் ஒரே ஒரு குழல் விளக்கு. அதன் நீல வெளிச்சத்தில் எந்த நிறமும் சரியாகத் தெரியாது; கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே நிழல் விழும். கை கழுவக் கூடத்தைக் கடந்து பொதுக் கழிவறைக்குப் போக வேண்டும். மின் இணைப்பு ஒன்றுதான். முடி உலர்த்தியைச் செருகினால் விசிறியைப் பிடுங்க வேண்டும். மூன்று மணிக்கு வந்தால் சாவி வைத்திருப்பவர் ஐந்து மணிக்குத்தான் வருவார்.

பெரிய செலவு எதையும் கேட்கவில்லை. கண்ணாடியின் இரு பக்கமும் பகல் வெளிச்ச நிறத்தில் விளக்குகள், அறைக்குள்ளேயே ஒரு கைகழுவும் தொட்டி, சோப்பு, இரண்டு மூன்று மின் இணைப்புகள், புடவையைத் தொங்கவிட ஒரு கம்பி, உயரமான ஒரு நாற்காலி, உள்ளிருந்து தாழிடும் கதவு. மண்டப முன்பதிவுப் படிவத்தில் அறை எத்தனை மணிக்குத் திறக்கப்படும், சாவி யாரிடம் இருக்கும் என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அடுத்த தை மாத முகூர்த்தங்களுக்கு முன் இதைச் செய்து தரும்படி நிர்வாகத்தினரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஈசூன்